ஒன்றாம் நம்பர் பனியன்

மல்லப்பனுக்குப் பாராட்டு விழா நடந்தது. அவன் போட்டிக்கென்று கிளம்புவதற்கு ஒன்பது வாரம் முன்பே நடந்தது. அந்தத் தொழிற்சாலையில் அதுதான் வழக்கம். போட்டிக்குப் போகிறவன் தோற்றுவிட்டு வந்தால் விழா எடுக்க முடியாது. ஜெயித்துவிட்டு வந்தால் மேலதிகாரிகள் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே போகும் முன்பே பேட்டாத் தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்தி, சந்தன மாலை போட்டு, பழத்தட்டின் நடுவே அன்னாசியை நிமிர்த்தி வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுவதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு என்பது மனமகிழ் மன்றச் செயலாளர் பசவராஜின் கட்சி.

அன்றைக்கு மைசூர்ப் பேட்டா மல்லப்பனின் காதுவரை இறங்கியது. அது மன்றத்தின் சொத்து. ஓய்வு பெற்றவர்கள், மாற்றலாகிப் போனவர்கள், கேரம் கோப்பை வாங்கியவர்கள் என்று எத்தனையோ தலைகளின் எண்ணெயைக் குடித்துக் கனத்திருந்தது. போட்டோக்காரர் தலையசைத்ததும் பசவராஜ் இரண்டு கையாலும் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சந்தன மாலையும் அதே பெட்டிக்குள் போனது. வீடு வந்து சேர்ந்தது அன்னாசி மட்டும். மறுநாள் சாயங்காலப் பத்திரிகையில், படத்துக்குக் கீழே, ‘226 கிலோமீட்டர் ட்ரையத்லானுக்கு மைசூர்த் தொழிலாளி’ என்று போட்டிருந்தது. எந்த ஊர் ட்ரையத்லான் என்று போடவில்லை. அது அந்தத் தொழிலாளிக்கே தெரியாது.

வினை கேன்டீனில் ஆரம்பித்தது. மல்லப்பன் கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்துக்காரன். முப்பத்தொன்பது வயது. கிரைண்டிங் பிரிவில் பதினேழு வருஷமாக இரும்புத் தூளைச் சுவாசித்துக்கொண்டிருந்தான். பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது கொள்ளேகால் பஸ்ஸில் தொங்கப் பிடிக்காமல், கேரியர் வைத்த தன் கறுப்பு சைக்கிளிலேயே நூறு கிலோமீட்டரும் மிதித்துப் போய்விடுவான். பிரிவில் அவனுக்கு இருந்த புகழ் அவ்வளவுதான். அன்று கடைசல் பிரிவு சென்னப்பன் மன்றத்துப் பத்திரிகை ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உப்பிட்டு என்கிற உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீந்தணுமாம். ஈரத்தோட சைக்கிளாம். எறங்கி ஓட்டமாம். மொத்தம் எரநூத்தி இருபத்தாறு கிலோமீட்டரு, ஒரே நாள்ல. இவனுங்க ஊர்ல ஓவர்டைம் கெடையாதா என்ன?”

“சைக்கிளு ஒண்ணும் பெருசில்லீங்ணா. நான் ஊருக்கு மிதிக்கறதுதான்” என்றான் மல்லப்பன்.

“நீச்சலு?”

“எங்க தோட்டத்துக் கெணத்துல அடிக்காத நீச்சலா?”

“ஓட்டம்?”

“செகண்ட் ஷிப்டுக்குத் தெனமும் ஓடியாறமே, அது என்னுங்ணா?”

மூன்று பதிலும் விளையாட்டு. பின்னால் காப்பித் தம்ளரோடு நின்ற பசவராஜுக்கு விளையாட்டு என்பது கோப்பை வைத்துக் கொடுப்பது. அவர் குரல் தழுதழுத்தது.

“மல்லப்பனவரே! இத்தனை நாளா எங்க ஒளிஞ்சிருந்தீங்க?”

“சும்னே சொன்னேன் சார்.”

“சும்னே சொன்னதுதான் குரு, சரித்திரமாகும்!”

அந்த இடத்திலேயே மறுத்திருக்கலாம். மல்லப்பன் மறுக்கவில்லை, சிரித்தான். பதினேழு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் யாரும் அவனை ‘அவரே’ போட்டுக் கூப்பிட்டதில்லை. இன்னொரு தடவை கூப்பிடுவார்களா என்று காது காத்திருந்தது. பின்னாளில் எதை நினைத்தாலும் அவனுக்கு முதலில் கூசியது அந்தச் சிரிப்புக்குத்தான்.

விழா முடிந்தபிறகு போட்டியைத் தேட ஆரம்பித்தார்கள். அந்தப் பொறுப்பு வீட்டுக்கு வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜீவிதா பத்திரிகையிலிருந்த முகவரிகளுக்கெல்லாம் இங்கிலீஷில் கடிதம் எழுதிப் போட்டாள். பதில்கள் மேட்டகள்ளிக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

மேட்டகள்ளியில் அவர்கள் குடியிருந்தது ஒரு முற்றத்தைச் சுற்றிய ஆறு வீடுகளில் ஒன்று. ஆறு வீட்டுப் பெண்களும் ஊதுவத்தி உருட்டினார்கள். மூங்கில் குச்சியைப் பலகையில் வைத்து, கறுப்பு மாவை உள்ளங்கையால் ஒரே இழுப்பில் நுனிவரை ஓட்டிவிட வேண்டும். தடிமன் மாறினால் கான்ட்ராக்டர் கட்டையே திருப்பிவிடுவார். மல்லப்பனின் மனைவி ஜோதிமணி பேசிக்கொண்டே உருட்டுவாள். பேச்சு எவ்வளவு தடித்தாலும் வத்தி தடிக்காது. பக்கத்துவீட்டு நஞ்சம்மா அவளோடு உட்கார்ந்து உருட்டுவாள். ஆறு மாதக் கர்ப்பம். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை அகட்டி, பலகையை வயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்துக்கொள்வாள். ஹனூர்ப் பக்கத்துப் பெண். தமிழும் கன்னடமும் அவள் வாயில் பிசைந்தே வரும்.

ஒரு சாயங்காலம், காய்ந்த வத்திகளைக் கட்டுக்கட்டும் நேரத்தில், ஜீவிதா கடிதங்களைப் பிரித்தாள்.

“மொதல்ல ஃபாரின். பளபளன்னு பேப்பர் அனுப்பியிருக்காங்க. ஃபீஸ் டாலர்ல இருக்குப்பா.”

“மடிச்சு வையி. உங்கொப்பன் பிளசர் கார்ல போயி நீந்திட்டு வருவாரு” என்றாள் ஜோதிமணி.

“இது மெட்ராஸ். ஃபீஸ் கம்மி. ஆனா கியர் சைக்கிள் வேணும், ஹெல்மெட் வேணும். பின்னாடி வர்றதுக்கு ஒரு காரும் நாமே கொண்டுவரணுமாம்.”

“கார் இருந்தா அதுலயே போயிட்டு வந்துரலாமே, எதுக்கு மிதிக்கோணும்?”

மல்லப்பன் குச்சிக்கட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.

“இது கோவா. ஃபீஸே இல்ல!”

எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

“ஆனா அவங்க ஹோட்டல்ல நாலு நாள் தங்கணும். ஹோட்டல் சார்ஜ்...” ஜீவிதா வாசிக்காமல் காகிதத்தை அம்மாவிடம் நீட்டினாள். ஜோதிமணிக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு காலேஜ். கட்டணம் சொற்பம், தங்குவதற்கு மாணவர் விடுதி, சாப்பாடு இலவசம், எந்த சைக்கிளும் வரலாம். மல்லப்பன் முகத்தில் களை வந்தது. மறுநாளே பசவராஜிடம் ஓடினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“மொத்தமே ஐம்பத்தொரு கிலோமீட்டரா? என்ன மல்லப்பனவரே, நம்ம பால்காரன் தினமும் காலையில போறானே இதை! பேப்பர்ல எரநூத்தி இருபத்தாறுன்னு வந்தாச்சு. மிச்சத்துக்கு நான் எங்க போவேன்? மன்றத்துக்கு ஒரு மானம் இல்லையா?”

மல்லப்பனுக்குக் கட்டுப்படியான ஒரே போட்டி இப்படி மன்றத்தின் மானத்தில் அடிபட்டுப் போனது. இனி அவனுக்கு வேண்டியது நீளமாகவும் இருக்க வேண்டும், மலிவாகவும் இருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க கேன்டீனில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். “எந்த நாடுன்னு முடிவாச்சாடா மாப்ள?” என்று சென்னப்பன் தினமும் கேட்டார். “பாஸ்போர்ட்டுக்கு அந்தப் பேட்டா போட்டோவையே குடுத்துரு.”

ஒரு நாள் சோறு வைத்துக்கொண்டே ஜோதிமணி சொன்னாள். “ஏனுங்க, காசு கேக்காத தண்ணி ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஓடுது. காசு கேக்காத ரோடு கொள்ளேகாலுக்குப் போவுது. ஓடறதுக்கு மாதேஸ்வரன் மலை கெடக்குது. லீவு போட்டு மூணையும் பண்ணிப்போட்டு வந்துருங்க. நீங்க சொன்ன சொல்லுக்கு ஒரு முடிவாவது ஆவும். நாலு பேரு இருந்தாத்தான் ஓட வருமா உங்களுக்கு?”

“போட்டின்னு சொல்லிப்போட்டேனே புள்ள.”

“சொன்னது நீங்க. திருத்திச் சொல்லவும் உங்களுக்குத்தானே வாயி இருக்குது.”

திருத்திச் சொல்லத்தான் பசவராஜின் மேஜைக்குப் போனான். “சார், மாதேஸ்வரன் மலைக்கு...” என்று ஆரம்பித்தான்.

“ஓ, எம்.எம். ஹில்ஸ் ட்ரையத்லான்!” பசவராஜ் எழுந்தே நின்றுவிட்டார். “கேள்விப்பட்டிருக்கேன், கேள்விப்பட்டிருக்கேன். ரொம்பக் கஷ்டமான ரூட்!”

கேள்விப்பட்டவரை எப்படித் திருத்துவது? மூன்று நாள் சிறப்பு விடுப்பு கிடைத்தது. மன்றச் செலவில் ஒரு பனியனும் வந்தது. முன்னால் தொழிற்சாலை முத்திரை, பின்னால் பெரிதாக 1. “நம்பர் அவங்க குடுக்கறதுக்கு முன்னாடி நாமே நல்ல நம்பரா எடுத்துக்கணும்” என்றார் பசவராஜ்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் நஞ்சம்மா வந்தாள். கையில் மஞ்சள் துணி முடிச்சு.

“அண்ணா, நீங்க நதியில முழுகி, சைக்கிள் மிதிச்சு, காலால மலை ஏறி மாதப்பா சாமிகிட்ட போறீங்களாமே. அக்கா சொன்னாங்க. இப்படி ஒரு ஹரகெ நான் கேட்டதே இல்ல. எந்தக் கஷ்டத்துக்கு வேண்டிக்கிட்டீங்களோ!”

மல்லப்பன் ஜோதிமணியைப் பார்த்தான். அவள் தலை நிமிராமல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“வேண்டுதல்னு இல்லம்மா. இது வந்து...”

இது வந்து என்ன? போட்டி என்றால் யாரோடு? அவன் தொண்டையைச் செருமினான். நஞ்சம்மா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளியில் ஒரு ஜோடிக் கண்மலர், சுண்டுவிரல் நகத்தளவு. அவள் புருஷன் ஜடையன் கொத்தனார். ஆடி மாதம் சுண்ணாம்பு தெறித்து ஒரு கண் வெந்துபோனது. இரண்டு மாதம் கட்டோடு இருந்து, கட்டு அவிழ்த்த அன்று அந்தக் கண்ணுக்கு முதலில் அவளுடைய மூக்குத்தி தெரிந்ததாம்.

“கண்ணு வந்தா மலைக்கு நடந்தே கொண்டுவந்து செலுத்தறேன்னு மாதப்பாகிட்ட சொல்லியிருந்தேன். இப்ப நான் இப்படி இருக்கேன். அவரை டாக்டர் வெயில்ல போகக்கூடாது, பேடா அந்துட்டாரு. கொழந்த பொறக்கறதுக்குள்ள முடிச்சாகணும். நீங்க அடிவாரம், தாளுபெட்டா வரைக்கும் எதுல போனாலும் சரிதாண்ணா. அங்கருந்து மலை முழுக்கக் காலுதான். சக்கரத்துல ஏறக்கூடாது. அது ஒண்ணுதான் ஹரகெ.”

அவன் வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவனிடமிருந்த ஒரே காரணம் உண்மை. அதைவிட முடிச்சு லேசாக இருந்தது.

மார்கழிப் பனியில் விடிய ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் இறங்கினான். நெஞ்சு சில்லிட்டது. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. கிணற்றில் பழகிய கை நேராகப் போகாது. சுவரை ஒட்டி வலமாகவே சுற்றிச் சுற்றி நீந்திய உடம்பு. அக்கரையைக் குறி வைத்து வீசினால் இருபது கை போனதும் பழைய படித்துறையே எதிரே வந்தது. மறுபடி வீசினான், மறுபடி படித்துறை. பரிசலை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சாமி, ரங்கநாதர் கோயில் அந்தப் பக்கம் இருக்கு. பிரதட்சணத்தை இங்கயே முடிச்சுக்கிறீங்களா?”

மல்லப்பன் அக்கரைக்குப் போகவில்லை. இத்தனை சுற்று இத்தனை தூரம் என்று மனசுக்குள் ஒரு கணக்கை ஒப்பேற்றிக்கொண்டு, ஈரப் பனியனோடு சைக்கிள் ஏறினான்.

சைக்கிளில் அவன் மனிதன். கரும்பு வண்டிகளைத் தாண்டினான். நரசிபுரத்தில் பனி விலகியது, கொள்ளேகாலில் வெயில் ஏறியது. ஹனூரில் ஒரு கடையில் ராகிக் களி முத்தையும் அவரைக் குழம்பும் சாப்பிட்டான். கடைக்காரர் முதுகு எண்ணைப் பார்த்துவிட்டு, “நம்பர் போட்டுக்கூட ஹரகெ வந்துருச்சா?” என்று கேட்டு, மோருக்குக் காசு வேண்டாம் என்றார். மறுக்க நினைத்தான். தொண்டை காய்ந்திருந்தது. குடித்தான். கௌதள்ளி ஏற்றத்தில் இடது முட்டிக்குள் ஏதோ ஆணி மாதிரி இறங்கியது. தாளுபெட்டா அடிவாரத்துக்கு வந்து, டீக்கடை ஓரமாகச் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு காலை ஊன்றியபோது, ஓட வேண்டிய கால் நிற்கவே சம்மதிக்கவில்லை. மணி நாலரை.

அங்கே காட்டுக்கொள்ளையரைத் தேடும் அதிரடிப்படையின் சோதனைச் சாவடி. ஒரு போலீஸ்காரர் அவனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஏனய்யா இது? ஒன்னாம் நம்பரு?”

“போட்டிங்க சார். ஓட்டப் போட்டி.”

“இந்தக் காட்டுல ஓடறவன் ரெண்டே வகை. நாங்க துரத்தறவன், யானை துரத்தறவன். நீ எது? சரி, ரெண்டாம் நம்பரு எங்க? உள்ள எங்கயாவது ஓடிட்டானா? நாங்க தேடணுமா?”

“ரெண்டாம் நம்பரு இல்லீங்க.”

“மூணு?”

“நான் ஒருத்தன்தாங்க சார்.”

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. உடம்பு சரியில்லாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். குரலை இறக்கி, “இந்த நேரத்துக்கு மேல நடையா யாரையும் விடமாட்டோம்ப்பா. அந்தச் சத்திரத்துல படு. காலையில ஆறு மணிக்குச் சாமி கும்பிடறவங்க கூட்டமா நடப்பாங்க, அவங்களோட போ. அவசரம்னா இதோ பஸ் வருது” என்றார்.

பஸ் வந்தது. உள்ளே ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. மல்லப்பன் யோசித்ததாக அவனுக்கே ஞாபகமில்லை. கை கம்பியைப் பிடித்திருந்தது. உட்கார்ந்ததும் முட்டி விட்ட பெருமூச்சு உடம்பெல்லாம் பரவியது. நாலு வளைவு தாண்டி மூங்கில் காட்டுக்குள் பஸ் உறுமி ஏறியபோதுதான், பனியனுக்குள் நெஞ்சோடு ஒட்டியிருந்த மஞ்சள் முடிச்சு உறுத்தியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கலாம். பஸ் நின்றபோதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மலை உச்சியில், “உகே உகே மாதப்பா” என்று கூட்டம் கூவிக்கொண்டு போக, ஒன்றாம் நம்பரைத் துண்டால் மூடிக்கொண்டு வரிசையில் நின்று, கண்மலரை உண்டியலில் போட்டான். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் இறங்கி, டீக்கடையிலிருந்து சைக்கிளை எடுத்து, வலிக்காத காலால் மிதித்து, கொள்ளேகாலில் தங்கி, மூன்றாம் நாள் மத்தியானம் மேட்டகள்ளி திரும்பினான். முற்றத்தில் கூட்டம். தொழிற்சாலை வேனில் பசவராஜ் பெட்டியோடு வந்திருந்தார். கூட சென்னப்பனும் பிரிவு ஆட்கள் நாலு பேரும். ஆறு வீட்டுப் பெண்களும் மாவுக் கையோடு நின்றார்கள்.

“எத்தனாவது இடம் மல்லப்பனவரே?”

“ஒருத்தன்தாங்க சார்...”

“ஒருத்தர்தான் முடிச்சாரா? அது நீங்க! நான் சொல்லல?” பசவராஜ் பெட்டியைத் திறந்தார். பேட்டா மல்லப்பனின் தலையில் இறங்கியது, அதே எண்ணெய் வாசனையோடு. யாரோ கை தட்டினார்கள். அவன் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டான். இப்படியே முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் மெய்யாகவே நினைத்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நஞ்சம்மா வந்தாள். கையில் பித்தளைச் சொம்பு, மஞ்சள் கரைத்த தண்ணீர். மலை ஏறி வந்த காலைக் கழுவித்தான் வீட்டுக்குள் விடுவது அவர்கள் பக்கத்து முறை. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, வயிறு மடிய, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்தாள். குனிய முடியவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

“காலை நீட்டுங்கண்ணா.”

மல்லப்பன் காலை இழுத்துக்கொண்டான்.

“வேண்டாம்மா.”

“இதில என்னண்ணா வெட்கம்?”

“நான் நடக்கல.”

யாருக்கும் புரியவில்லை. அவனே மறுபடி சொன்னான். “தாளுபெட்டாவுல பஸ் ஏறிட்டேன் நஞ்சம்மா. மலைக்குச் சக்கரத்துலதான் போனேன். போட்டியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் மட்டுந்தான்.”

ஜோதிமணி மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். சென்னப்பன் தொண்டையில் ஏதோ ஒரு கேலி வந்து, வெளியே வராமல் திரும்பிப் போயிற்று. பசவராஜ்தான் முதலில் தேறினார்.

“போலீஸ் நடக்க விட்டிருக்கமாட்டாங்க. அங்க நிலைமை அப்படி. வலுக்கட்டாயமா ஏத்திவிட்டாங்க, அப்படித்தானே? அப்ப அது நடுவர் தீர்ப்பு மாதிரி. போட்டில சேத்தி.”

நல்ல வழி. அகலமான வழி. மல்லப்பன் தலையசைத்தால் போதும்.

“ஏத்திவிடலீங்க சார். காலைல கூட்டத்தோட நடன்னாங்க. நான்தான் பஸ்ஸைப் பாத்ததும்...” முட்டியைத் தடவிக்கொண்டான். “சந்தோசமா ஏறிப்போட்டேன்.”

தலையில் இன்னும் பேட்டா இருப்பது அப்போதுதான் உறைத்தது. அதைக் கழற்றி அவனே பெட்டிக்குள் வைத்தான். பசவராஜ் அது சரியாக மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார்.

மண்டி போட்டபடியே நஞ்சம்மா கேட்டாள். “கண்மலரு?”

“உண்டியல்ல போட்டுட்டேன்.”

“தாளுபெட்டா வரைக்கும்?”

“மிதிச்சேன். அது நெசம்.”

கோபமா என்று மல்லப்பன் தேடினான், அவள் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. வத்திக் கட்டில் எத்தனை குறைகிறது என்று பார்க்கும் முகம்தான் தெரிந்தது.

“அப்ப மலை மட்டும் பாக்கி” என்றாள். “சாமிகிட்டப் பொருள் போயிடுச்சு, நடை போகல. கொழந்தைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. முட்டி ஆறினதும் தாளுபெட்டா வரைக்கும் பஸ்ல போங்க. அங்கருந்து காலு. நம்பர் பனியன் பேடா.”

“சரிம்மா.”

“வெறுங்கையோட போங்க. இந்த தடவ குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

“சரிம்மா” என்றான் மறுபடி.

நஞ்சம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். சொம்பைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள். பிறகு வாசலோரம் வாடிக்கிடந்த கனகாம்பரச் செடியின் தூரில் மஞ்சள் தண்ணீரை மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினாள்.

“உங்களுக்கு அப்ப ஊத்தறேன்” என்று சொல்லிவிட்டு, காலிச் சொம்பைத் திண்ணையின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.